நாரைவிடு தூதும் கோடிக்கரை வளையமும்

தை மாதத்து விடியலில் வேதாரண்யத்திலிருந்து தெற்கு நோக்கிப் புறப்படும் ஒரு சிறு குழுவை எண்ணிப் பார்க்கலாம். அகத்தியன்பள்ளி உப்பளங்களைக் கடந்து, கோடியக்காட்டின் ஊடே செல்லும் சாலை ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டரில் கோடிக்கரையில் முடிகிறது. குழுவினர் கைகளில் பைனாகுலர், முக்காலியில் பொருத்தும் தொலைநோக்கி, ஒரு குறிப்பேடு, ஒரு பென்சில். சதுப்பின் ஓரத்தில், கதிரவன் முதுகுப்புறம் இருக்குமாறு நின்று, பேச்சைக் குறைத்து, எதிரே சேற்றில் இரை தேடும் பறவைகளை அவர்கள் எண்ணத் தொடங்குகின்றனர். முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணுவர். அந்தப் பத்தும் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்பதைக் கண்ணில் பதித்துக்கொள்வர். பின்னர் அவ்வளவையே கோலாகக் கொண்டு நூறையும் ஆயிரத்தையும் மதிப்பிடுவர். நண்பகலுக்குள் குறிப்பேட்டில் இரண்டு பத்திகள் நிறைந்துவிடுகின்றன. ஒன்றில் பறவையின் பெயர், மற்றொன்றில் எண்.

இப்பெயரும் இவ்வெண்ணும் இரு வேறு வரலாறுகளின் பயன்கள். பெயர், இந்நிலத்துப் புலவராலும் வலைஞராலும் உப்பு விளைத்தோராலும் நெடுங்காலம் வழங்கப்பட்டு வந்தது. எண்ணோ துப்பாக்கி, தொலைநோக்கி, அலுமினிய வளையம் என்னும் மூன்று கருவிகளின் வழியே அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்தது. இவ்விரு வரலாறுகளும் கோடிக்கரையில் சந்தித்தன. அச்சந்திப்பைப் பற்றி எண்ணுவது கவிதையில் ஈடுபாடு கொண்டோர்க்குப் பறவை ஆர்வலர்க்கு உரியதைவிடவும் கூடிய கடமை எனலாம். ஏனெனில், இவ்வரலாற்றின் முதல் ஏடு கவிஞர் எழுதியது.

நிலமும் பொழுதும்

கோடி என்பது முனை. வடக்கிலிருந்து தெற்காக ஓடிவரும் சோழமண்டலக் கரை இவ்விடத்தில் திடீரென மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை, நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணத் தீபகற்பம். முனையை ஒட்டி வறண்ட பசுமைமாறாக் காடு, அக்காட்டில் வெளிமான்கள். காட்டுக்கு மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளை நோக்கி நீண்டு கிடப்பது வேதாரண்யம் பெருஞ்சதுப்பு. கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய ‘பொன்னியின் செல்வ’னில் வந்தியத்தேவன் புதைசேற்றில் சிக்கியதும் பூங்குழலி அவனைக் கரையேற்றியதும் இப்பகுதியில்தான் என்பதைத் தமிழ் வாசகர் நன்கு அறிவர்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழை இச்சதுப்பை நிரப்புகிறது. தை பிறக்கும்போது நீர் வடியத் தொடங்கி, பல இடங்களில் சாண் ஆழமும் விரல் ஆழமுமாக நிற்கிறது. அச்சேற்றில் புழுக்கள், பூச்சிகளின் முட்டைப்புழுக்கள், சிறு நத்தைகள், இறால் இனத்து நுண்ணுயிர்கள் ஆகியன செறிந்திருக்கின்றன. நெடுங்கால் கொண்ட பூநாரை ஆழ்ந்த நீரிலும், நடுத்தரக் காலுடைய பவளக்கால் உள்ளான் அதற்கு அடுத்த நீரிலும், சிட்டுக்குருவியளவே ஆன கொசு உள்ளான் ஈரச் சேற்றின் விளிம்பிலும் நின்று மேயும். காலின் நீளமும் அலகின் வளைவும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மேய்ச்சல் நிலத்தை வகுத்துக் கொடுக்கின்றன. பல்லாயிரம் பறவைகள் ஒரே சதுப்பில் ஒன்றையொன்று பட்டினியிடாமல் வாழ்வது இதனாலேயே.

வடபுலத்தில் பனி இறங்கும் காலத்தில் இப்பறவைகள் புறப்படுகின்றன. புரட்டாசியில் முதல் கூட்டங்கள் வந்து சேரும், முன்பனி முழுவதும் தங்கும், பங்குனியில் திரும்பும். தமிழர் வகுத்த பெரும்பொழுதுகளுள் கூதிர், முன்பனி, பின்பனி என்னும் மூன்றும் வலசைப் பறவைகளின் நாட்காட்டியோடு பொருந்தி வருவது ஈண்டுக் கருதத்தக்கது. நெய்தல் நிலத்தில் வாழ்ந்தவர்க்கு வாடைக்காற்று வெறுங்காற்றாக மட்டும் வந்திராது. அதனோடு பறவைகளும் வந்தன.

புலவர் கண்ட புள்

புறநானூற்றின் 67ஆம் பாடல் பிசிராந்தையார் பாடியது. குமரிக் கடற்றுறையில் இரை உண்டு வடமலைக்குப் பெயரும் அன்னச் சேவலை விளித்து, இடைவழியில் சோழநாட்டு உறையூரில் தங்கிக் கோப்பெருஞ்சோழனைக் கண்டு செல்லுமாறு அவர் வேண்டுகிறார். தனிப்பாடல் திரட்டால் அறியப்படும் சத்திமுத்தப் புலவரோ, கும்பகோணத்தை அடுத்த சத்திமுத்தத்தைச் சேர்ந்தவர். பாண்டியன் தலைநகரில் ஆதரவின்றிக் குளிரில் நடுங்கியபடி, குமரியில் நீராடி வடக்கே மீளும் செங்கால் நாரை இணையிடம், தம் ஊரில் காத்திருக்கும் மனைவிக்குச் செய்தி சொல்லி அனுப்புகிறார்.

இரு பாடல்களுக்கும் இடையே உள்ள ஒற்றுமை ஊன்றி நோக்கத்தக்கது. இரண்டிலும் பறவை தென்கோடியில் தங்கிவிட்டு வடக்கே மீளுகிறது. குமரி அதன் தங்குமிடம். வடதிசையே அதன் உறைவிடம். வழியில் அது இளைப்பாறும் ஊர்களும் உண்டு. வலசை என்பதன் முழு வடிவமும் இவ்விரு பாடல்களில் அமைந்துள்ளது. மேலை நாட்டில் அரிஸ்டாட்டில் கொக்கினங்களின் நெடும்பயணத்தை அறிந்திருந்தார். ஆயினும் தகைவிலான் குருவிகள் குளிர்காலத்தில் பொந்துகளில் ஒடுங்கிக் கிடக்கும் என்றும் எழுதினார். இந்நம்பிக்கை 18ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பிய அறிஞர் சிலரிடம் நீடித்தது. இதைச் சொல்வது பெருமை பேசுதற்கன்று. தமிழ்ப் புலவர் பறவை போன திசையைப் பார்த்தார், பார்த்ததைச் சொன்னார் என்பதே கருதத்தக்கது.

சத்திமுத்தப் புலவர் நாரையின் அலகுக்குப் பனங்கிழங்கை உவமையாக்கியதை அறியாத தமிழர் குறைவு. அவ்வுவமைக்காகவே பாண்டியன் அவரைப் போற்றினான் என்பது செவிவழிக் கதை. அக்கதை எவ்வாறாயினும், உவமையின் நுட்பம் ஐயத்துக்கு இடமில்லாதது. நீண்டு கூர்த்து இரண்டாய்ப் பிரியும் கிழங்கின் வடிவம் செங்கால் நாரையின் அலகோடு அப்படியே பொருந்துகிறது. அதற்கு மேலும் ஒன்றுண்டு. பனங்கிழங்கு கிடைப்பது மார்கழியிலும் தையிலும். செங்கால் நாரை தென்னாட்டில் காணப்படுவதும் அக்காலத்தில்தான். பறவையும் உவமையும் ஒரே பருவத்தின் விளைவுகள். குளிரில் நடுங்கியவன் கண்முன் இருந்ததையே சொன்னான்.

கோடிக்கரைக்கே உரிய சான்று தேவாரத்தில் உள்ளது. சேரமான் பெருமாளுடன் இங்கு வந்த சுந்தரர், அண்டை அயலில் எவருமின்றிக் கடலருகே தனித்திருக்கும் கோடிக்குழகரைக் கண்டு உருகிப் பாடினார். ஏழாம் திருமுறையில் உள்ள அப்பதிகம் கடற்காற்றின் கடுமையைச் சொல்கிறது. பொந்தில் இருந்து ஒலியெழுப்பும் ஆந்தைகளையும் கூகைகளையும் சொல்கிறது. அக்காட்டு வேட்டுவரையும் கடிந்து சொல்கிறது. கோடிக்கரைப் பறவைகளைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பதிவுகளுள் இதனையும் ஒன்றாகக் கொள்ளலாம். ஆந்தை வேறு, கூகை வேறு என்று பிரித்துச் சொன்ன பதிவு அது.

இத்தகைய பார்வை பின்னாளில் தளர்ந்தது. தூது சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்றாக நிலைபெற்றபோது, தூதாக அனுப்பத்தக்கவை எவை என்பதற்கு மரபு பத்துப் பொருள்களை வரையறுத்தது. அன்னம், மயில், கிளி, முகில், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு என்பன அவை. அப்பட்டியலில் நாரை இல்லை. மயிலும் கிளியும் பூவையும் ஊர்விட்டு நெடுந்தொலைவு போகாத பறவைகள். உண்மையில் நாடு கடந்து செல்லும் நாரை விடுபட்டது. இருந்த இடத்தில் இருப்பவை தூது போயின. அன்னம் இடம்பெற்றதாயினும், அது குமரித்துறையில் மேய்ந்த பறவையாக அன்றிப் பாலையும் நீரையும் பிரிக்கும் கற்பனைப் பறவையாக மாறிவிட்டிருந்தது. பிசிராந்தையாரின் அன்னம், இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்தாக இருக்கலாம் என்று ஆராய்ந்தோர் உண்டு. அவ்வாறு ஆராய வேண்டிய நிலை ஏற்பட்டதே, பெயருக்கும் பறவைக்கும் இடையே இருந்த கட்டு அறுந்தமைக்குச் சான்று. பெயர் ஏட்டில் தங்கியது. பறவை சதுப்பில் தங்கியது.

துப்பாக்கியும் தொலைநோக்கியும்

அடுத்த காலத்தில் பறவையை உற்று நோக்கியவர் ஆங்கில ஆட்சியின் அலுவலர். சென்னைப் படையில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன், தென்னிந்தியப் பறவைகளின் பட்டியலைச் சென்னை இலக்கிய, அறிவியல் இதழில் 1839, 1840ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். இந்தியப் பறவைகள் பற்றிய அவரது பெருநூல் 1862 முதல் 1864 வரை வெளிவந்தது. உள்ளூர் மொழிகளில் வழங்கிய பெயர்களையும் அவர் கேட்டுக் குறித்தார். ஆயினும் அக்காலத்துப் பறவை ஆய்வு என்பது சுட்டு வீழ்த்தி, தோலை உரித்துப் பதப்படுத்தி, காலில் சீட்டுக் கட்டிப் பேழையில் அடுக்குவதாகவே இருந்தது.

அவ்வாய்வின் உச்சம் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். 1867 முதல் 1870 வரை உள்நாட்டுச் சுங்கத் துறையின் ஆணையராக இருந்தவர் அவர். வரி செலுத்தாத உப்பு உள்ளே வாராதபடி நாட்டின் குறுக்கே முள்வேலி வளர்த்துக் காவல் காத்த துறை அது. அவ்வேலியை ஒட்டிய பயணங்கள் அவருக்குப் பறவைகளைக் காணும் வாய்ப்பாகவும் அமைந்தன. பல ஆண்டுகள் உழைத்துத் தொகுத்த கையெழுத்துப் படிகள் பழைய தாள்களாகக் கடைத்தெருவில் விலைபோனதை அறிந்து மனமுடைந்த ஹியூம், தம் பெருந்தொகுப்பை 1885இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அளித்துவிட்டார். அவ்வாண்டு இறுதியில் தோன்றிய இந்திய தேசிய காங்கிரசின் தோற்றுநருள் அவரும் ஒருவர். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து ராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு காங்கிரஸ் தொண்டர்கள் நடந்து வந்து, ஏப்ரல் 30 அன்று அகத்தியன்பள்ளியில் உப்புச் சட்டத்தை மீறினர். உப்பு வரியைக் காத்த ஒருவர் தோற்றுவிக்க முனைந்த இயக்கமே உப்பு வரியை உடைத்தது. உடைத்த இடமோ, அவர் தம் வாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட்டு ஆராய்ந்த பறவைகளின் குளிர்கால வீடு. இக்கரையின் வரலாற்றில் உப்பையும் பறவையையும் பிரித்துச் சொல்ல இயலாது.

துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு எண்ணத் தொடங்கிய காலமும் ஒரு குளிர்காலமே. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நாளில் இரு கட்சியாகப் பிரிந்து காட்டுக்குள் சென்று, எக்கட்சி மிகுதியான உயிர்களைச் சுட்டு வீழ்த்துகிறது என்று போட்டியிடும் வழக்கம் இருந்தது. அதற்கு மாற்றாக, அந்நாளில் பறவைகளைக் கண்டு எண்ணிக் குறிப்போம் என்று பிராங்க் சேப்மன் என்னும் பறவையியலார் அழைப்பு விடுத்தார். 1900 டிசம்பர் 25 அன்று 25 இடங்களில் 27 பேர் எண்ணினர். குளிர்காலப் பறவைக் கணக்கெடுப்பு என்று இன்று உலகெங்கும் நடைபெறுவதன் தொடக்கங்களுள் அது முதன்மையானது.

நம் நாட்டில் இம்மாற்றத்தின் உருவாக நின்றவர் சாலிம் அலி (1896–1987). சிறுவனாக இருந்தபோது காற்றுத்துப்பாக்கியால் தாம் வீழ்த்திய ஒரு குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் கண்டு ஐயுற்று, அது என்ன பறவை என்று கேட்க 1883இல் நிறுவப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறியவர் அவர். கேள்வி கேட்பதற்காகச் சென்றவர் அக்கழகத்தின் தூணாகவே விளங்கினார். இந்தியப் பறவைகள் பற்றிய அவரது கையேடு 1941இல் வெளிவந்தது. அதைக் கையில் ஏந்தியே இந்நாட்டின் பல தலைமுறையினர் பறவை பார்க்கக் கற்றனர்.

அலுமினிய வளையம்

வலசையின் வழியை அறியக் கண் மட்டும் போதாது. இன்று இங்கே நிற்கும் உள்ளான்தான் நேற்று அங்கே நின்றது என்று எவ்வாறு சொல்வது? இவ்வினாவுக்கு விடை கண்டவர் டென்மார்க்கில் வீபோர் என்னும் ஊரில் ஆசிரியராக இருந்த மார்டென்சன். 1899இல் மைனா இனத்தைச் சேர்ந்த பறவைகளின் கால்களில், எண் பொறித்த அலுமினிய வளையங்களை அவர் பூட்டிப் பறக்கவிட்டார். பறவை எங்கேனும் பிடிபட்டால், அவ்வெண் அதன் பிறப்பிடத்தைச் சொல்லிவிடும். ஜெர்மனியில் வளையம் பூட்டப்பெற்ற செங்கால் நாரை ஒன்று ராஜஸ்தானத்துப் பிகானேரில் கிடைத்தபோது, சத்திமுத்தப் புலவர் வெறும் ‘வடதிசை’ என்று சொன்னதன் நீளம் எவ்வளவு என்பது தெளிவாயிற்று.

இந்தியாவில் வளையமிடும் பணி விரிவடைந்ததற்கு ஒரு நோய் காரணமாயிற்று. 1957இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் குரங்குகளும் மனிதரும் ஒரு புதுக் காய்ச்சலால் மாண்டனர். ருசிய நாட்டில் அறியப்பட்டிருந்த ஒரு நோய்க் கிருமியோடு அதன் கிருமி நெருங்கிய உறவுடையது. வடபுலத்திலிருந்து வரும் பறவைகள் உண்ணிகளோடு அதனையும் சுமந்து வந்தனவோ என்ற ஐயம் எழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு 1959இல் பம்பாய்க் கழகம் வலசைப் பறவைகளுக்கு வளையமிடும் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. 1960களில் சாலிம் அலியின் கவனம் கோடிக்கரை மீது திரும்பியது. 1967இல் கோடிக்கரைக் காடு வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. 1980களில் இங்கே கழகத்தின் ஆய்வாளர் ஆண்டுதோறும் தங்கிப் பெரும் எண்ணிக்கையில் வளையமிட்டனர்.

இப்பணியில் பெயர் வெளிவராத பங்காளிகள் உண்டு. பறவையை அடிபடாமல் பிடிப்பது நூலறிவால் வருவதன்று. பீகாரில் தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்து வாழ்ந்த மீர்ஷிகார் என்னும் குடியினரைக் கழகம் வரவழைத்தது. எப்பறவை எக்காற்றில் எத்திசையில் தாழ்ந்து வரும் என்பதை அறிந்தவர் அவர்கள். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலையைச் சதுப்பின் குறுக்கே கட்டி, சிக்கிய பறவையை நூலிழை நூலிழையாக விடுவித்து, சிறகு முறியாமல் ஆய்வாளர் கையில் கொடுத்தனர். எடை, சிறகின் நீளம், அலகின் நீளம் ஆகியன குறிக்கப்பட்டு, காலில் வளையம் பூட்டப்பட்டபின் பறவை வானில் விடப்பட்டது. கொன்று விற்கும் தொழிலின் கைத்திறன், உயிரோடு விடுவதற்குப் பயன்பட்டது. சுந்தரர் கடிந்த வேட்டுவக் கைகளுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் இவ்வாறு ஒரு மறுவாழ்வு கிடைத்தது.

வளையத்தில் ஓர் எண்ணும், பம்பாய்க் கழகத்துக்குத் தெரிவிக்க என்னும் பொருளில் சில ஆங்கிலச் சொற்களும் பொறிக்கப்பட்டிருந்தன. தெரிவிக்க வேண்டும் என்ற அவ்வேண்டுகோள் தூது அன்றி வேறென்ன? புலவன் வாய்ச்சொல்லாக அனுப்பியதை ஆய்வாளன் உலோகத்தில் பொறித்து அனுப்பினான். வேற்றுமை ஒன்றுதான். சத்திமுத்தப் புலவர் மறுமொழியை எதிர்பார்த்து நாரையை அனுப்பவில்லை. வளையமோ மறுமொழிக்காகவே அனுப்பப்பட்டது.

வந்த மறுமொழி

அம்மறுமொழியின் முதற்பகுதி வியப்பூட்டுவது. கோடிக்கரையில் குளிர்காலம் கழிக்கும் வளைமூக்கு உள்ளானின் எடை ஏறத்தாழ 60 கிராம். அது கூடுகட்டி முட்டையிடுவதோ ஆர்க்டிக் கடலோரத்துச் சைபீரியத் தூந்திர நிலத்தில். அங்கிருந்து கோடிக்கரை 7,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. அதனினும் சிறிய கொசு உள்ளானின் எடை ஒரு சிட்டுக்குருவியின் எடைக்கு மிகாது. அதுவும் அவ்வடபுலத்திலிருந்தே வருகிறது. சைபீரியாவின் வடகிழக்குக் கோடியில் மட்டுமே இனப்பெருக்கம் செய்யும் கரண்டிமூக்கு உள்ளான் 1980களில் கோடிக்கரையில் கண்டறியப்பட்டது. உலகிலேயே அரிய கரைப்பறவைகளுள் ஒன்று அது. இன்று சில நூறு பறவைகளே எஞ்சியிருப்பதாக மதிப்பிடப்படுகிறது. காட்டுப் பகுதியிலோ, இமய அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் கூடுகட்டும் ஆறுமணிக்குருவி வந்து தங்குகிறது. காலையும் மாலையும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் குரலெழுப்புவதால் அதற்கு அப்பெயர்.

மறுமொழியின் மறுபகுதி துயரம் தருவது. 1980களில் கோடிக்கரைச் சதுப்பில் நீர்ப்பறவைகள் லட்சக்கணக்கில் திரண்டன. பின்வந்த ஆண்டுகளில் அதே கழகத்தின் ஆய்வுகள், கரைப்பறவைகளின் தொகை பெரிதும் சரிந்துவிட்டதைக் காட்டின. சதுப்பில் வந்து விழும் நன்னீர் குறைந்தமை, உப்புத் தொழில் விரிவடைந்து நீரின் உவர்ப்பு மிகுந்தமை, அதனால் சேற்றில் வாழும் புழுவினங்கள் குன்றியமை, சீமைக்கருவேல் பரவியமை எனக் காரணங்கள் பல. வலசைப் பாதையின் பிற இடங்களில் சேற்று நிலங்கள் அழிக்கப்பட்டமையும் இங்கே எதிரொலிக்கிறது. வளைமூக்கு உள்ளான் அழிவை எதிர்நோக்கும் இனமாக 2024இல் உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சைபீரியாவில் பிறந்து, ஆசியா முழுவதும் கடந்து வரும் பறவைக்கு வழியில் ஒரு தங்குமிடம் கெட்டாலும் பயணம் கெட்டது.

இயற்கையும் இக்கரையை விட்டுவைக்கவில்லை. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை, சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தின் எச்சத்தை அழித்தது. 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயல், கோடியக்காட்டின் மரங்களைப் பெருமளவில் சாய்த்தது. மான்களும் பறவைகளும் மடிந்தன. எனினும் அடுத்தடுத்த குளிர்காலங்களில் பறவைகள் வரவே செய்தன. காடு முறிவதைப் பறவை தாங்கிக்கொள்கிறது. சேறு உயிரற்றுப் போவதைத்தான் அதனால் தாங்க இயலாது.

இச்சதுப்பின் மதிப்பை உலகம் ஏற்றுக்கொண்டதும் உண்டு. 2002இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ப் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாகக் கோடிக்கரை பட்டியலிடப்பட்டது. தமிழ்நாட்டில் அத்தகுதியை முதலில் பெற்றது இதுவே. அடுத்த இருபது ஆண்டுகள் வேறெதுவும் அதனோடு சேரவில்லை. 1987 முதல் ஒவ்வோர் ஆண்டும் சனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. 2015 முதல் தமிழகப் பறவை ஆர்வலர் பொங்கல் விடுமுறை நாள்களில் பறவைகளைக் கணக்கெடுத்து வருகின்றனர். தொழில்முறை ஆய்வாளர் அல்லாதாரும் தை மாதச் சேற்றில் நின்று எண்ணும் வழக்கம் இவ்வாறு வேரூன்றியது. சரிவு நேர்ந்தது என்று எவரேனும் சொல்ல முடிகிறதென்றால், ஆண்டுதோறும் ஒரே இடத்தில் நின்று எண்ணியவர் இருந்தமையால்தான்.

பெயரும் எண்ணும்

எண்ணுபவர் பெருகினர், பெயர் சொல்பவர் நிலை என்ன? இக்கரையில் வழங்கும் பெயர்களைச் சற்றே உரக்கச் சொல்லிப் பார்க்கலாம். உப்புக்கொத்தி, கொசு உள்ளான், பூநாரை, கூழைக்கடா, ஆலா, கடற்காகம், ஊசிவால் வாத்து, கரண்டிவாயன். உப்புக்கொத்தி என்ற பெயரை அகராதி அமைத்தவர் ஆக்கவில்லை. பாத்தியின் வரப்பில் சிறு பறவை ஒன்று ஓடி ஓடிக் குனிந்து கொத்துவதைக் கண்ட உப்பளத் தொழிலாளியின் கண் அதில் உள்ளது. பனங்கிழங்கு உவமையில் உள்ள அதே கண்.

இப்பெயர்களைத் திரட்டிக் காக்கச் சிலர் உழைத்தனர். சங்க இலக்கியத்துப் புள்ளினங்களை உயிரியல் நோக்கில் ஆராய்ந்து பி. எல். சாமி நூல் செய்தார். க. ரத்னம் தமிழில் வழங்கும் பறவைப் பெயர்களைத் தொகுத்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் (1912–1996), காட்டுயிர் பற்றி ஆங்கிலத்தில் எழுதியதோடு தமிழிலும் எழுதினார். அவரது தமிழ்க் கட்டுரைகள் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் நூலாக 2002இல் வெளிவந்தன. இவர்களுக்குப் பிறகும் புதுக்கவிதையில் பெரும்பாலும் பறப்பது ‘ஒரு பறவை’தான். அது உள்ளானா, ஆலாவா, நாரையா என்று கவிதை சொல்வதில்லை. பெயரில்லாத பறவை எந்த ஊரிலிருந்தும் வருவதில்லை. எந்தப் பருவத்திலும் திரும்புவதில்லை. அது இல்லாமற் போனாலும் கவிதைக்குத் தெரியப்போவதில்லை.

தை அமாவாசையன்று கோடிக்கரைக் கடலில் நீராட மக்கள் திரள்கின்றனர். முன்னோரை நினைத்து நீர்க்கடன் ஆற்றிவிட்டு அன்றே ஊர் திரும்புகின்றனர். அவர்கள் நீராடும் அதே நாள்களில், அதே கரையில், சிறிது தொலைவுக்கு அப்பால் பல்லாயிரம் உள்ளான்கள் கொழுப்புச் சேர்த்துக்கொண்டு பங்குனிப் பயணத்துக்குத் தயாராகின்றன. அவற்றைக் காண ஒரு காலைப்பொழுதும், இரவல் பெற்ற ஒரு பைனாகுலரும், பெயர் தெரிந்த ஒரு துணையும் போதும்.

சத்திமுத்தப் புலவர் நாரையிடம் கேட்டது சிறிய உதவி. பொன் வேண்டும், விடுதலை வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. வறியவனாகிய தம்மை இன்ன இடத்தில், இன்ன நிலையில் கண்டதாக மனைவியிடம் சொல்லுமாறு மட்டுமே கேட்டார். காண்பதும் கண்டதைச் சொல்வதுமே அத்தூதின் முழுப்பொருள். இன்று நாரையின் நிலை அன்றைய புலவரின் நிலையாயிற்று. சாட்சி சொல்லும் பொறுப்பு மனிதரிடம் வந்து சேர்ந்தது. தை மாதக் காலையில் கோடிக்கரைச் சேற்றோரம் நிற்பவர் குறிப்பேட்டில் பெயரையும் எண்ணையும் எழுதும்போது, கண்டோம் என்று எழுதுகின்றனர். முதலில் அதை எழுதியவர் புலவர்; அவர் வழிவந்தோர் அவ்வேட்டைத் தொடர்ந்து எழுதுவதே முறை.